நைட்டிக்குப் பாக்கெட்

மாரக்காளின் நெஞ்சுக்குள் போன் அடித்தது. பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கத்தரியை வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி, நைட்டியின் கழுத்துக்குள் கையை விட்டாள். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"அக்கோவ், மாமன் உள்ள இருந்தே கூப்படறாராட்ட இருக்குது!" என்றாள் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் இருந்த சரிதா.

"சும்மா இரு புள்ள. வேர்வையில நனைஞ்சு, தேச்சாலும் எடுக்க மாட்டேங்குது." துண்டில் துடைப்பதற்குள் மணி நின்றுவிட்டது.

வெட்டுத்துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த யாழினியும் சிரித்தாள். சரிதாவின் மகள். சேலத்தில் விடுதியில் தங்கி ஃபேஷன் டிசைன் கடைசி வருடம் படிக்கிறாள். லீவு விட்டால் குமாரபாளையத்துக்கு வந்து, அம்மா வேலை செய்யும் இந்த நைட்டி யூனிட்டில் பட்டன் தைப்பாள். மாடியில் ஒரே கூடம். அதே தெருப் பெண்கள்தான் எல்லோரும். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார்கள்.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு எது தூண்டுதல், அடுத்து எது ட்ரெண்ட் ஆகும் என்று கல்லூரியில் ஒரு சார்ட் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். கூடப் படிக்கும் மோகனப்பிரியா மயில் கழுத்தின் நிறங்களை ஒட்டியிருந்தாள். தர்ஷன் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் கண்ணாடிக் கட்டடம் ஒன்றை. யாழினி ஆற்றைப் போட்டுப் பார்த்தாள், காயும் சாயநூலைப் போட்டுப் பார்த்தாள். இரண்டும் யாரோ ஏற்கெனவே ஒட்டிவிட்டுப் போனவை போலத் தெரிந்தன. இரண்டையும் பிய்த்துப் போட்டாள்.

இப்போது மாரக்காளை வரைந்தாள். நெஞ்சில் ஓர் அம்புக்குறி: போன்.

"ஊட்டுச் சாவியெல்லாம் எங்கீங்க வெப்பீங்க?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

பாவாடை நாடாவில் என்றாள் ஒருத்தி. காசு துண்டின் முடிச்சில் என்றாள் இன்னொருத்தி. சர்க்கரை மாத்திரையை டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைத்ததில் ஒருநாள் அது ரசத்தில் கரைந்துபோன கதையைச் சொன்னாள் மூன்றாமவள். அம்புக்குறிகள் பெருகின. சார்ட்டின் அடியில் யாழினி எழுதினாள்: அடுத்த ட்ரெண்ட், நைட்டிக்குப் பாக்கெட்.

கல்லூரியில் மேடம் அதை நெடுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா யாராவது வாங்கினாத்தான் அது ட்ரெண்ட், இல்லேன்னா வெறும் படம். ஒரு யூனிட்ல தச்சு, ஒரு கடையில வித்துக் காட்டு. ரிவ்யூவுக்குள்ள முடியலேன்னா அடுத்த வருஷந்தான் உனக்கு டிகிரி."

யாழினி ஊருக்கு வந்து சொன்னதைக் கேட்டதும் யூனிட் முதலாளி குமரகுரு சிரித்துவிட்டார். "ஏனுங் அம்முணி, பொம்பளைங்க பாக்கெட்டுல போடறதுக்கு என்ன இருக்குது?"

"உங்க பாக்கெட்டுல என்னங்ண்ணா இருக்குது?"

குமரகுரு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். போன், வண்டிச் சாவி, கைக்குட்டை, சீப்பு, கசங்கிய கோயில் விபூதிப் பொட்டலம், பாதி உருகிய சாக்லேட். ஒவ்வொன்றாக வெட்டு மேசைமேல் வைக்க வைக்கச் சிரிப்பு ஏறியது.

"மொதலாளி, அந்த சீப்பு எதுக்குங்க?" என்று அவருடைய வழுக்கையைப் பார்த்துக் கேட்டாள் மாரக்காள். மிஷினில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள் சரிதா.

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல," என்றார் குமரகுரு, எல்லாவற்றையும் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டே. "பாக்கெட்டுக்குத் துணி? ஒரு வெரக்கடை கூட மிச்சமில்லாம வெட்றோம். துணிச்செலவு இல்லாம பண்ணு, தச்சுக்கலாம்."

யாழினி மூட்டைமேல் போய் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாடு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. கை தன்போக்கில் மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவியது. அக்குளுக்குக் கீழே சரித்து வெட்டும்போது விழும் நீளத்துண்டு. நாமக்கல் லாரிப் பட்டறைகளுக்கு, கிரீஸ் துடைக்க, எடைக்குப் போகிற துணி. அதை மடித்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். உள்ளே கையை விட்டாள். மணிக்கட்டு வரை போனது.

"கலரு ஒத்து வராது சாமி," என்றார் கட்டிங் மாஸ்டர் கந்தப்பன். "மூட்டையில எல்லாம் கலந்து கெடக்குது."

"ஒத்து வராமயே தைக்கலாங்க மாஸ்டர்."

பச்சை நைட்டிக்கு மஞ்சள் பாக்கெட் வந்தது. கத்தரிப்பூ நிறத்துக்குச் சிவப்புப் புள்ளி. எந்தப் பாக்கெட் எதற்குச் சேரும் என்று பெண்கள் மிஷினுக்கு மிஷின் துண்டுகளை வீசிச் சண்டை போட்டார்கள். மாரக்காள் தனக்குப் பிடித்த ஆரஞ்சுத் துண்டை யாருக்கும் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள். தைத்ததில் ஒரு கட்டு சேலத்தில் ரஷீத் பாயின் ஜவுளிக்கடைக்குப் போனது.

சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. யாழினி விடுதியில் சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தாள். வகுப்பில் மேசைக்கடியில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒருநாள் அம்மா கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூச்சல்.

"கேளு புள்ள, பாய் லைன்ல இருக்காரு!"

ஸ்பீக்கரில் போட்டிருந்த குமரகுருவின் போனில் ரஷீத் பாய் யாரிடமோ பில் போடச் சொல்லிவிட்டுப் பேசினார். "என்ன மந்திரம் வச்சீங்க முதலாளி? வர்றவங்க உள்ள கைய விட்டுப் பாக்கறாங்க, பக்கத்துல இருக்கறவங்களையும் விட்டுப் பாக்கச் சொல்றாங்க, அப்புறம் வேற எதையும் தொட மாட்டேங்கறாங்க. இன்னும் அனுப்புங்க!"

அன்று முதலாளி செலவில் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வந்தது. ரிவ்யூவில், மாதிரி நைட்டியைத் தன் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்ட மேடம் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். பேசி முடிக்கும் வரை எடுக்கவே இல்லை. "பாஸ்," என்றார் கடைசியில். "கண்காட்சிக்கு இதைப் போட்டிருக்கறவங்க போட்டோ ஒண்ணு வேணும். மாடல் வேண்டாம். உன் சார்ட்ல இருக்கறவங்களே வரட்டும்."

யூனிட்டில் தையல் கோணிய உருப்படிகளைப் பெண்கள் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் அதையே போட்டு வந்தார்கள். மாரக்காள் இரண்டு கைகளையும் ஆரஞ்சுப் பாக்கெட்டுகளில் விட்டுக்கொண்டு, மிஷின்களுக்கு நடுவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினாள். திரும்பும் இடத்தில் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். விசில் பறந்தது. அந்நேரம் பார்த்துப் போன் அடிக்க, ஒரே இழுப்பில் எடுத்து, "அலோ, யாருங்க?" என்றாள் அதிகாரமாக.

சனிக்கிழமை மாலை யாழினி போட்டோ எடுக்க வந்தாள். வேலை விடும் நேரம். பெண்கள் மாடிப்படி வாசலிலிருந்து கூடத்துக்குள் வரைக்கும் வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசையின் முன்னால், படியோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு குமரகுரு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது?"

"பாக்கெட்டு வந்ததுல இருந்து நூல்கண்டு கொறையுதாமா," என்றாள் சரிதா. "போறப்போ பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டிட்டுப் போகோணுமாமா."

"நல்லாப் பாத்துக்கங்க மொதலாளி," என்றாள் மாரக்காள், பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டு. "ஓட்டையில பூந்து ஓடீரப் போகுது உங்க நூல்கண்டு!" வரிசை முழுவதும் சிரித்தது. குமரகுருவும் சிரித்தார்.

"தப்பா நெனக்காத அம்முணி," என்றார் யாழினியிடம். "பாக்கெட்டுன்னு வந்துட்டா இதெல்லாம் இருக்குந்தான்."

யாழினியின் கையில் போன் இருந்தது.

"ஏய், யாழினி போட்டோ எடுக்குதுடி, நேரா நில்லுங்க!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் துண்டைச் சரிசெய்தார்கள், கலைந்த முடியை ஒதுக்கினார்கள், நிமிர்ந்து நின்று பல் தெரியச் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் இரண்டு பக்கமும் மஞ்சளும் சிவப்பும் ஆரஞ்சுமாகக் காலிப் பாக்கெட்டுகள் வெளியே தொங்கின. கந்தப்பன் மாஸ்டர் பேன்ட் பாக்கெட்டுகளில் கைகளை விட்டபடி, போட்டோவுக்குக் குறுக்கே வந்துவிடாமல் குனிந்து, ஸ்டூலைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.