இறுக்காதீங்க அத்தான்

தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை அவளுடையது. அன்று மதியம் அக்கா புருஷன் உள்ளே வந்து, துணியில் சுற்றிய ஒரு பொருளை மேஜைமேல் வைத்தார். பிரிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் தூண்டில் ரீல்.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஆளுங்களைப் படகுல கூட்டிட்டுப் போறேன். இது சரியாவே சுத்த மாட்டேங்குது. கொஞ்சம் பார்த்துக் குடேன்."

"வச்சிட்டுப் போங்க அத்தான்" என்றாள்.

பல வருஷத்துக்கு முன்னால், அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, இந்த ரீலோடு அக்கா, அத்தான், அவள் மூவரும் கடலுக்குப் போயிருந்தார்கள். அந்தப் பெரிய மீன் மாட்டியது அவளுக்குத்தான். கை மரத்துப்போகப் போராடிப் படகருகே கொண்டுவந்த பிறகு, "விடு, நீ கோட்டை விட்டுடுவே" என்று தூண்டிலைப் பிடுங்கியவர் அத்தான். வீட்டுக்கு வந்து, தானே பிடித்ததாக வாய் கூசாமல் சொன்னார். கடல் ஒத்துக்கொள்ளாமல் படகின் மூலையில் சுருண்டு கிடந்த அக்கா, தான் எதையும் பார்க்கவில்லை என்றாள். அப்பா மாப்பிள்ளையை நம்பினார். ரீலையும் அவரிடமே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். அதன்பின் ஒவ்வொரு விருந்திலும் அந்த மீன் ஒரு சாண் வளர்ந்தது. அவள் கருவிக்கொண்டே இருந்தாள்.

அவர் போனதும் ரீலின் கைப்பிடியைக் கழற்றி, நட்சத்திர வடிவில் இருந்த இறுக்கும் சக்கரத்தை எடுத்து, பக்கத்தட்டைத் திறந்தாள். உள்ளே டிராக். உலோக வாஷரும் நார் வாஷரும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிய சின்னக் கட்டு. மீன் வெறிகொண்டு ஓடும்போது தூண்டில் நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடவிடுவது இதுதான்; சக்கரத்தை அதிகம் இறுக்கினால் ஓடவிடாது. உப்பும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. ஒரு தடவையாவது கழுவி வைத்தாரா, பாவி மனுஷன்!

ஒரு வாஷரைக் காய்ந்தபடியே விட்டால் போதும். டிராக் பிடித்துக்கொள்ளும், நரம்பு அறுந்துவிடும். அந்த வாஷரைக் கையில் எடுத்தும்விட்டாள். பிறகு யோசித்தாள். ரீல் சரியில்லை என்றால் பழி இவள் தலையில் விழும், அவர் தப்பித்துக்கொள்வார். அவருக்கு ஒரு சாக்குகூட மிஞ்சக் கூடாது.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பிரித்தாள். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து உலோக வாஷர்களைச் சமமாகத் தேய்த்தாள். நைந்துபோன நார் வாஷர்களுக்குப் பதில் புதியவை வெட்டி, விரல் நுனியால் கிரீஸ் தடவி, வரிசை மாறாமல் அடுக்கி மூடினாள். தராசுக் கொக்கியில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்தாள். திக்காமல் திணறாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு ஆத்திரத்தில் அவ்வளவு நல்ல வேலையை அவள் செய்ததே இல்லை. அத்தானை அவளுக்குத் தெரியும். பதற்றம் வந்தால் எதையும் இறுக்குவார். அவர் வீட்டுக் குழாய் ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரீலைக் கொடுக்கப் போன கையோடு அவளும் படகில் ஏறினாள். எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "நான் வச்ச அளவுலயே இருக்கட்டும். மீன் ஓடினா ஓட விடுங்க. இறுக்காதீங்க அத்தான்."

"எனக்கேவா? மலை மாதிரி மீனை இதுலதான் பிடிச்சேன், தெரியும்ல!" என்று ஆபீஸ்காரர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வெயில் ஏறும்போது அத்தான் தூண்டிலில் மீன் மாட்டியது. ரீல் கிர்ரென்று கத்த, நரம்பு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"நிக்கவே மாட்டேங்குதே!" அவர் சக்கரத்தைத் திருகினார்.

"இறுக்காதீங்க அத்தான்" என்றாள், கடிகாரம் பார்த்து மணி சொல்வதுபோல.

இன்னொரு திருகு. பட்டென்று நரம்பு அறுந்தது. அத்தான் நிலைதடுமாறி இரைப் பெட்டிக்குள் உட்கார்ந்தார்.

"ரீலைக் கெடுத்து வச்சிட்டா!" என்று எழுந்தார்.

படகோட்டி ரீலை வாங்கி, சக்கரத்தைத் தளர்த்தி, மிச்ச நரம்பை இழுத்துப் பார்த்தார். "ரீல் தங்கமா இருக்கு சார். அந்தம்மா ரெண்டு தடவை சொன்னாங்க."

"அப்ப அந்த மலை மாதிரி மீன்?" என்றார் ஆபீஸ்காரர் ஒருவர்.

"அதைப் படகு வரைக்கும் இழுத்துட்டு வந்தது நான்" என்றாள். "அவர் கடைசியில வாங்கிக்கிட்டார்."

படகே சிரித்தது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கரை சேரும்வரை அந்த முகத்தைத் திகட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கரையில் காத்திருந்த அக்காவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள்.

"வேணும்டி அவருக்கு. அன்னிக்கு நீ இழுத்ததை நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

அவள் நின்றாள். "பார்த்தியா?"

"புதுசா கல்யாணமான நேரம். புருஷனை எப்படி விட்டுக்கொடுக்கிறது?"

"என்னை விட்டுக்கொடுக்க முடிஞ்சுதே."

கையை உதறிவிட்டு நடந்தாள். பின்னால் அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.