கரைக்குள் ஈரம்

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. வெம்பக்கோட்டைக்குப் போகும் வழியில், ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே வெள்ளைத்துரையின் பட்டாசு கம்பெனி. கரையின் அடியில் நீர் கசிவதைப் பார்த்துப் பயந்துபோன அவர், விருதுநகரில் கல்லூரி ஆசிரியையாக இருந்த ஹாதியாவை வரவழைத்தார். ஒரு பொருளின் மேற்பரப்பில் சிறிது மின்சாரம் செலுத்தி, அங்கேயே மின்னழுத்தத்தை அளந்து, உள்ளே எந்த இடம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது என்று கணிதத்தால் கண்டுபிடிப்பது அவளுடைய ஆராய்ச்சி.

கரை நெடுகக் கம்பிகளை அடித்து அளந்தார்கள். ஜீப்புக்குள் மடிக்கணினியில் படம் வந்தது. கரையின் நடுவே, மின்சாரம் நன்றாகக் கடத்தும் இடத்தைக் காட்டும் ஒரு கறுப்புத் திட்டு. நேர் கீழே ஊருக்குப் போகும் ரோடு.

"தண்ணியாம்மா?" என்று கேட்டார் வெள்ளைத்துரை.

"களிமண்ணாவும் இருக்கலாம் அண்ணாச்சி. ரெண்டுமே கரண்டை நல்லாக் கடத்தும்."

"கணக்குப் போட்டும் தெரியலையா?"

"ஆழத்துல இருக்கறது மேல வர்றதுக்குள்ள மங்கிப்போகும். அளக்கறதுல துளி பிசகினாலும் உள்ள பெரிய பொய்யாக் காட்டும்."

கீழே ஷெட்டில் பட்டாசுப் பெட்டி ஒட்டும் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர்கள் வெளியேற இரண்டே வழி. ஒன்று அந்த ரோடு. மற்றது பின்பக்கத்து ஓடை. அதில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது.

"கரை உடைஞ்சா இங்க யாரும் தப்ப முடியாது. எதுல கூட்டிட்டுப் போகட்டும்? சொல்லுங்கம்மா."

ஹாதியா ஷெட்டைக் குனிந்து பார்த்தாள். இதுவரை அவள் பிழைகள் எல்லாம் தாளில்தான் இருந்தன.

"கம்பியை அசைக்காம, கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவை அளப்போம். களிமண் அப்படியே இருக்கும். தண்ணின்னா மாறும்."

காத்திருந்த நேரம் முழுக்க அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது அளவிலிருந்து முதலாவதைக் கழித்தாள். திட்டு பெருத்து, ரோட்டுப் பக்கமாக நீண்டிருந்தது.

"ரோடு வேண்டாம் அண்ணாச்சி! ஓடைதான்!"

வேப்பமரத்தில் கயிறு கட்டி ஓடையின் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்தார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். நடு ஓடையில் அவர்களில் ஒருத்தியான சுப்புத்தாய்க்குக் கால் வழுக்கியது. தலை முங்கியது. வெள்ளைத்துரை பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். ஹாதியா கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்மாய்க் கரை உடையாமலே இருந்து, சுப்புத்தாய் செத்துப்போனால்?

சுப்புத்தாய் இருமிக்கொண்டே மேடேறினாள். கடைசி ஆளாக ஹாதியா கயிற்றைப் பிடித்து வந்து சேர்ந்தாள். மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது பூமி உறுமுவதுபோல ஒரு சத்தம். கரை வாய் பிளந்தது. ரோடு இருந்த இடத்தில் கரிசல் கரைந்த தண்ணீர் புரண்டது. ஷெட்டின் தகரக் கூரை அதில் மிதந்து போனது.

 ஒருத்தி அழத் தொடங்கினாள்.

சுப்புத்தாய் நடுங்கியபடி ஹாதியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சரு, இங்கன உடையும்னு ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியாதும்மா. பயந்துக்கிட்டேதான் சொன்னேன்."

சுப்புத்தாய் ஈர முந்தானையைப் பிழிந்து ஹாதியாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.