செவலைக்குப் புளித்த தீனி

மூட்டையின் வாயைக் கத்தரித்ததும் எழுந்த புளிப்பு வாடை என்னை எங்கள் பழைய ரப்பர் எஸ்டேட் லயத்து வீட்டுக்கே கொண்டுபோய் விட்டது. அங்கே எல்லாம் புளித்துத்தான் மணக்கும். ஸ்டோரில் உறையும் ரப்பர் பால், அம்மாவின் கூடையில் மரத்திலிருந்து உரித்த ஒட்டுப்பால், மழையில் நனைந்து வெயிலில் காயும் சாக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அக்காவும் பைகளை வாசலில் எறிந்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்கு ஓடுவோம். அக்காவின் குரல் கேட்டால் போதும், கன்றுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு எழும்பும். என் குரலுக்கு ஒன்றும் காதைக்கூட அசைக்காது. அந்த நாட்களை நினைத்தால் மனம் இனிக்கிறது. அந்த இனிப்புக்குள் இந்தச் சின்ன முள்ளும் இருக்கிறது.

இப்போது லாபு என்ற ஊரில், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அரை ஏக்கரில், அக்கா லோகேஸ்வரி நான்கு பால்மாடுகள் வைத்திருக்கிறாள். செனாவாங் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு நான் போன வருடம் அவளோடு வந்து சேர்ந்தேன். அதற்குள் இரண்டு கன்றுகள் கழிச்சலில் போய்விட்டன. மூன்றாவதாகச் செவலை பிறந்த அன்றே அக்கா சொல்லிவிட்டாள்: "இதுவும் போச்சுன்னா மாட்டையெல்லாம் வித்துடுவேன் மாதவி. இனிமே குழி வெட்ட எனக்குத் தெம்பு இல்ல."

மூட்டையைக் கொண்டுவந்தவள் ஃபஸீலா. கன்றுத் தீவனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண். நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்து உலர்த்திய சோயா அது.

"கன்னுக்குட்டிக்கு நாலு வயிறு இருந்தாலும் இப்ப ஒன்னுதான் ஒழுங்கா வேல செய்யும் ஆன்ட்டி. சோயாவ அப்படியே கொடுத்தா குடல் தாங்காது. புளிக்க வச்சா பாதிச் செரிமானம் வெளியவே முடிஞ்சிரும்லா."

நான் மூக்கைப் பொத்தினேன். "கெட்டுப்போன வாடை அடிக்குதேம்மா."

"இவ மட்டும் புளிச்ச மாவுல அஞ்சு தோசை அடிப்பா," என்றாள் அக்கா. "கன்னுக்கு மட்டும் ஆகாதாக்கும்!"

செவலை அந்தத் தீனியை முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. அக்கா பொறுமையாக ஒரு பிடி எடுத்து அதன் வாயில் தடவினாள். மூன்றாம் நாளே அவள் வாளிச் சத்தத்துக்கு எழுந்து நின்றது.

அதைப் பார்த்த மத்தியானம்தான் நான் அந்தக் காரியத்தைத் தொடங்கினேன். அக்கா புல் அறுக்கப் போயிருந்தாள். பெரிய மாடுகளுக்காகத் தௌபு என்னும் சோயாக்கட்டி செய்யும் கடையிலிருந்து வந்த, பால் பிழிந்த சோயா சக்கை வெதுவெதுப்பாக இருந்தது. பால் மணம். ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். செவலை என் விரல்களோடு சேர்த்துச் சப்பியது. கையைக் கொடுத்தபடி வெகுநேரம் நின்றேன். பாவம், புளிச்சதையே தின்னுது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஒரு கன்றாவது அக்காவைத் தாண்டி என்னிடம் வரவேண்டும் என்றிருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஓர் ஆசை. மறுநாளும் கொடுத்தேன், அதற்கு மறுநாளும்.

ஆறாம் நாள் காலையில் செவலையின் பின்னங்கால்கள் நனைந்திருந்தன. மஞ்சள் தண்ணீராகப் போயிருந்தது. கண்கள் உள்ளே விழுந்துவிட்டன. அக்கா ஃபஸீலாவுக்குப் போன் போட்டாள். "வந்து உன் மூட்டையத் தூக்கிட்டுப் போம்மா. வர்றப்ப மாடு வாங்குற ஆளு யாராச்சும் தெரிஞ்சா நம்பர் கொண்டா."

பத்து மணிக்கு ஃபஸீலா வந்தாள். செவலைக்கு உப்புச்சர்க்கரைத் தண்ணீர் புகட்டிவிட்டு நோட்டைத் திறந்தாள். "தீனி ஒத்துக்கல" என்று அவள் எழுதப்போவது தெரிந்தது. அக்கா கொட்டகைத் தூணில் சாய்ந்து மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். எஸ்டேட்டை விட்டுக் கிளம்பிய அன்று, லாரியில் ஏறுமுன் காலியான கொட்டகையை அவள் அப்படித்தான் பார்த்தாள்.

"எழுதாதம்மா," என்றேன். "நான் சக்கை கொடுத்தேன். மூணு நாளா."

ஃபஸீலா பேனாவை நிறுத்தினாள். அக்கா மெல்லத் திரும்பினாள்.

"ஏண்டி?"

"என் கையிலயும் வந்து திங்கட்டும்னு."

"அடிப்பாவி. அதுக்கு ஒரு உசுரா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் தாங்கவில்லை. "கேட்டிருந்தா வாளிய ஒன் கையிலயே கொடுத்திருப்பேனேடி."

எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. அத்தனை வருடமும் அவள் தரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

சக்கையை நிறுத்தினோம். பாலும் உப்புச்சர்க்கரைத் தண்ணீரும் மாற்றி மாற்றிக் கொடுத்து, பிறகு புளித்த தீனியை ஒரு பிடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அக்கா என்னோடு பேசவில்லை. வாளியை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவாள்.

நான்காம் நாள் காலையில் கொட்டகையிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஏய், இங்க வா!"

ஓடினேன். வைக்கோலின் மேல் சாணி கட்டியாகக் கிடந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம். என்னால் அடக்க முடியவில்லை, தேம்பிவிட்டேன்.

"சாணியப் பாத்து அழுவுற மொத ஆளு நீதாண்டி," என்றாள் அக்கா. முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "போ, முகத்தக் கழுவிட்டு அந்தப் புள்ளைக்குப் போன் போடு. மாடு வாங்குற ஆளு வேணாம்னு சொல்லு."