மூன்று குடுவைப் பால்

கிமேலி குனிந்து நாயின் கிண்ணத்தை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். புளித்த பால் வாடை, கரி வாடை, அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று. விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனவர், எதற்கு வம்பு என்று விரலைப் புல்லில் துடைத்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டிச் தன் கோழிகளுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, காலங்காத்தால நாய் கிண்ணத்தை மோந்து பாக்குற? வீட்ல உனக்குக் களி கிண்டலியா?"

கிமேலி அவரை ஓரக்கண்ணால் அளந்தார். காரணமில்லாமல் சிரித்துப் பேசுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு அவருக்குத் தொழிலில் வந்தது. நந்தி மலைப் பக்கத்துத் தேயிலைக் கொட்டகையில் வாழ்நாளெல்லாம் கொழுந்து நிறுத்தவர் அவர். எடை ஏறுவதற்காகக் கொழுந்து கொண்டுவருகிறவர்கள் மூட்டைக்குள் கல்லைப் போடுவார்கள், தண்ணீர் தெளிப்பார்கள், முற்றிய தண்டை அடியில் திணித்து மேலே இளம் கொழுந்தைப் பரப்புவார்கள். கிமேலி ஒவ்வொரு மூட்டையிலும் தோள்வரை கைவிட்டு அடிமட்டம் வரை துழாவிய பிறகுதான் தராசில் ஏற்றுவார். ஓய்வு பெற்றும் அந்தக் கை ஓய்வு பெறவில்லை. கடையில் வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்ப்பார். "கல்யாணத்தன்னைக்கே முக்காட்டைத் தூக்கி உள்ள நான்தான் இருக்கேனான்னு பாத்த மனுஷன்" என்று அவர் மனைவி ஜெபிவொட் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் சந்தேகப்படாத ஒரே உயிர் பாஸ்கோதான். குட்டியாக வந்த நாளிலிருந்து தராசுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்த நாய் அது. இப்போது அதற்கு முகமெல்லாம் நரைத்துவிட்டது. முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு வீக்கம் வந்து, கல்லாக இறுகி, நாளுக்கு நாள் பெருத்தது.

கால்நடை மருத்துவரான இளம்பெண் மொரா, எல்டோரெட் நகரத்தில் எக்ஸ்ரே எடுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் புற்று என்று சொன்னார். "இந்த வயசுல காலை எடுத்தா தாங்காது பெரியவரே. வலி தெரியாம வெச்சுக்கலாம். மாத்திரைக்கும் வலி அடங்கலைன்னா சொல்லுங்க, நிம்மதியாத் தூங்க வெச்சிடலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, இந்த மாத்திரையோட வேற எதையும் என்னைக் கேக்காம குடுத்துடாதீங்க."

மருத்துவர் தலை மறைந்ததும் கிமேலி காறித் துப்பினார். "வேற எதையும் குடுக்காதேன்னா என்ன அர்த்தம்? அடுத்தவன் குணப்படுத்திடுவானோன்னு பயம். எங்கேயோ கிசி ஊர்லேருந்து வந்த சின்னப் பொண்ணு. நாயைக் கொல்லப் படிச்சிருக்கா, காப்பாத்தப் படிக்கல. அந்த மாத்திரையைக் கொண்டுபோய்க் கக்கூஸ் குழியில போடு." ஜெபிவொட் மாத்திரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கப்சபெட் சந்தையில் அவர் புரொபசர் மேஷாக்கைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டும், வேன் கூரையில் ஒலிபெருக்கியுமாக நின்ற அவருக்குப் புரொபசர் பட்டம் எந்தக் கல்லூரி கொடுத்தது என்று சந்தையில் யாரும் கேட்டதில்லை. சர்க்கரை நோய், மூட்டுவலி, பிள்ளையில்லாக் குறை, மேலதிகாரியின் கோபம் எல்லாவற்றுக்கும் ஒரே பொடி.

"நாய்க்குக் கேக்குமா?"

"எலும்பு எலும்புதானே பெரியவரே! யானைக்கே கேக்கும்."

"உள்ள என்ன போட்டிருக்க?"

"பன்னெண்டு வேரு. கடவுள் படைச்சது."

"என்னென்ன வேரு?"

புரொபசர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "பேரைச் சொன்னா பலன் போயிடும். நீங்களும் வீட்ல மூச்சு விடாதீங்க. பொறாமைக் கண்ணு பட்டா மருந்து வெறும் தண்ணியாயிடும்."

வேறு யாராவது இருந்தால் இந்த இடத்தில்தான் நகர்ந்திருப்பார்கள். கிமேலி இந்த இடத்தில்தான் விழுந்தார். ஊரெல்லாம் தனக்குக் குழி பறிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, யாரிடமும் சொல்லாதே என்ற பேச்சு நெடுநாள் சிநேகிதன் சொன்னதுபோல இருந்தது. ஆயிரம் மூட்டைகளின் அடியைத் துழாவிய கை, அந்தப் புட்டியைக் குலுக்கிக்கூடப் பார்க்காமல் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டது. நாயின்மேல் இருந்த ஆசை அவர் கண்ணை மறைத்தது.

மறைத்துக் கொடுப்பதில் சிரமமும் இல்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் ஆளுக்கொரு சுரைக்குடுவை உண்டு. உள்ளே கரி தடவிப் பாலை ஊற்றிப் புளிக்க வைத்துக் குடிப்பார்கள். முர்சிக் என்று பெயர். ஒருவர் குடுவையை இன்னொருவர் கழுவித் தரலாம், பால் இருக்கையில் திறந்து பார்க்கக் கூடாது. மனைவியின் குடுவையில் கைவைத்த கணவனை ஊரே கேலி பேசும். கிமேலி பொடியைத் தன் குடுவையில் போட்டுக் குலுக்கி, தினமும் காலையில் பாஸ்கோவின் கிண்ணத்தில் ஊற்றினார்.

சில நாட்களில் நாய் எழுந்து நின்றது. வைத்ததையெல்லாம் தின்றது, தொட்டித் தண்ணீரை நக்கியே காலி செய்தது. ஒருநாள் நொண்டிக்கொண்டே வேலியைத் தாண்டி ரோட்டிச்சின் சேவலைத் துரத்தியது. கிமேலி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். மொராவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் மூச்சு விடக் கூடாதே, அதனால் விட்டுவிட்டார்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. பாஸ்கோ குடித்தவன் மாதிரி தள்ளாட ஆரம்பித்தது. வாந்தி எடுத்தது, அது காப்பித்தூள் கரைசல்போல இருந்தது. பிறகு தாரைப் போலக் கறுப்பாகக் கழிந்தது.

யாரோ விஷம் வைக்கிறார்கள். கிமேலிக்கு அதில் துளியும் ஐயமில்லை. யார் என்பதுதான் கேள்வி. சமையலறைப் பக்கம் போனபோது ஜெபிவொட் மகள் செப்டூவிடம் "அப்பா காதுல விழப்போவுது" என்று சொல்லிப் பேச்சை நிறுத்தினாள். எல்டோரெட்டில் போன் கடையில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த செப்டூ, அவரைக் கண்டதும் எதையோ பைக்குள் தள்ளினாள். சொந்த வீடே அவருக்குக் கல் வைத்த மூட்டையாகத் தெரிந்தது. ஆனாலும் பெண்டாட்டி பிள்ளையை எப்படிக் கேட்பது? கேட்பதற்கு வசதியாக வேலிக்கு அப்பால், அவர் கிண்ணத்தை முகர்ந்ததைக் கேலி செய்துகொண்டு ஓர் ஆள் இருந்தார்.

"ஓய் ரோட்டிச்! என் நாய்க்கு என்னத்தைக் கலந்து வெச்ச?"

"நானா?"

"நடிக்காதய்யா. உன் கோழியைத் தின்னதுக்குப் பழி தீத்துக்குற."

ரோட்டிச் சோளத் தட்டைக் கீழே வைத்தார். "யோவ், அது கோழியைத் தின்னப்ப நம்ம ரெண்டு பேரு தலையிலயும் முடி இருந்துச்சு. அப்ப வைக்காத விஷத்தை, காலைத் தூக்கி மூத்திரம் போக முடியாத கிழட்டு நாய்க்கு இப்பவா வைக்கப்போறேன்? விஷம் வைக்கிறவனைத் தேடுறியா? நான் சொல்றேன் கேளு. காலையில நீ வர்ற. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே கிண்ணத்துல பால் ஊத்துற. நீ அந்தாண்ட போனதும் உன் பொண்டாட்டி வர்றா, அவளும் அப்படியே. சாயங்காலம் உன் பொண்ணு. ஆளுக்கொரு குடுவை. திருட்டுக் கூட்டம் குடித்தனம் பண்ற மாதிரி இருக்குய்யா உன் வீடு. இதுல என்னைக் கேக்க வந்துட்டான்!"

கிமேலி விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். சுவரில் தொங்கிய மூன்று குடுவைகளையும் கழற்றினார்.

"ஏங்க, அது என் குடுவை!" என்று ஜெபிவொட் அலறினாள். அவருக்கும் அது தெரியும். ஆனால் நிற்கவில்லை. முற்றத்தில் மூன்று தட்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு குடுவையைக் கவிழ்த்து, பழைய கொட்டகையில் செய்ததுபோலவே கைவிட்டுத் துழாவினார். மனைவியின் தட்டில் பாதி கரைந்த வெள்ளைத் துணுக்குகள் தட்டுப்பட்டன. மகளின் தட்டில் பச்சையாக எண்ணெய் மிதந்தது. அவருடைய தட்டில் சேறுபோலப் பழுப்பாகப் படிந்திருந்தது.

ஜெபிவொட்தான் முதலில் பேசினாள். "அது டாக்டரம்மா குடுத்த மாத்திரை. தீந்ததும் நானே போய் வாங்கிட்டு வந்தேன். நீங்க குழியில போடச் சொன்னீங்க. ராவெல்லாம் முனகுச்சுங்க அது. நீங்க போர்வையைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டீங்க. எனக்கு அப்படி முடியல."

செப்டூ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கஞ்சா எண்ணெய்ப்பா. சிநேகிதி குடுத்தா. வெளிநாட்டுல நாய்க்குப் புத்து வந்தா இதைக் குடுக்கறாங்கன்னு போன்ல பாத்தேன். உங்ககிட்ட சொன்னா வீட்டை விட்டே வெரட்டியிருப்பீங்க."

பிறகு இருவரும் மூன்றாவது தட்டைப் பார்த்தார்கள்.

"இது என்னதுங்க?" என்று கேட்டாள் ஜெபிவொட்.

"பன்னெண்டு வேரு."

"என்னென்ன வேரு?"

கிமேலி கோட்டுப் பையிலிருந்து புட்டியை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

செப்டூ போன் போட்டுக் கூப்பிட, மொரா வந்தபோது பாஸ்கோ கொட்டகை நிழலில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் ஈறைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், மூன்று தட்டுகளையும் பார்த்தார். புட்டியைத் திறந்து முகர்ந்தார்.

"சோதனை பண்ணாம இதுல இன்னது இருக்குன்னு சத்தியம் பண்ண மாட்டேன் பெரியவரே. ஒண்ணு கேக்கறேன். குடுக்க ஆரம்பிச்சதும் குதிச்சு எழுந்துச்சா? அகோரப் பசியா? தண்ணியா குடிச்சுதா?"

"ஆமா."

"ஸ்டீராய்டு மாத்திரையை அரைச்சுப் பொடியில கலந்து விக்கறவங்க இருக்காங்க. அது வீக்கத்தையும் வலியையும் கொஞ்ச நாள் மூடி வைக்கும். புத்து உள்ள வளந்துக்கிட்டேதான் இருக்கும். அதோட என் மாத்திரையும் சேந்தா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும். இந்தக் கறுப்பு ரத்தம்தான். தள்ளாடினது எண்ணெயால. உங்கள்ல யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்."

"நீ கொல்ல வந்தவள்னு நெனச்சேம்மா."

"தெரியும்" என்றார் மொரா.

"பொழைக்குமா?"

"வயிறு ஒருவேளை ஆறும். கால் ஆறாது. எலும்பு எப்ப வேணா முறியும். அப்ப படற வலிக்கு என்கிட்ட மாத்திரை இல்ல."

கிமேலி நாயின் காதைத் தடவினார். "இத்தனை நாளும் அதுக்கு வலிச்சுதா?"

மொரா நாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "நாய் மறைக்கும். நீங்க ஆசையாப் பாத்தா வாலை ஆட்டும். ஆனா வலிச்சிருக்கும்."

"அப்ப தூங்க வெச்சிடும்மா" என்றார் கிமேலி. மொரா ஊசியைத் தயார் செய்வதற்குள் அவர் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவினார். காலையில் கறந்த பாலை, எதுவும் கலக்காமல், மூவரும் பார்த்திருக்க ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். பாஸ்கோ தலையைத் தூக்கிக் கிண்ணத்தை முகர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. மறுபடி முகர்ந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இத்தனை வருஷத்தில் அவர் கையால் வைத்த எதையும் அது முகர்ந்து பார்த்ததில்லை. அந்த நாய்க்கும் சந்தேகத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று கிமேலிக்கு உறைத்தது. தரையில் முழங்கால் போட்டு, நாயின் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, தானே ஒரு வாய் குடித்தார். மீசையில் பால் ஒட்டியிருக்க மறுபடி கிண்ணத்தை நீட்டினார். பாஸ்கோ முதலில் அவர் மீசையை நக்கியது. பிறகு மெதுவாகப் பாலை நக்கியது. அது நக்கிக்கொண்டிருக்கும்போதே மொரா ஊசியைப் போட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை புரொபசரின் வேன் முன்னால் கிமேலி நின்றார். ஒரு பெண் தன் தாயாருக்கென்று ஒரு புட்டியைக் கையில் வாங்கிவிட்டாள். "உள்ள என்ன இருக்குன்னு கேளும்மா" என்றார் கிமேலி. அவள் கேட்டாள். புரொபசர் குனிந்து ஏதோ கிசுகிசுக்க, அவள் முகம் குழம்பியது.

"வீட்ல சொல்லாதேன்னு சொல்றானா?" என்று கேட்டார் கிமேலி.

"யாருய்யா அது, யாவாரத்தைக் கெடுக்கறது?" என்று புரொபசர் கத்தினார். ஒலிவாங்கியை மூட மறந்துவிட்டதால் சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கிமேலி அந்தப் பெண்ணின் கையிலிருந்த புட்டியை வாங்கி, திறந்து, பொடியைத் தன் உள்ளங்கையில் கொட்டி எல்லோருக்கும் காட்டினார்.

"எங்க வீட்ல மூணு பேரு ஒரு நாய்மேல உசிரையே வெச்சிருந்தோம். மூணு பேரும் மத்தவங்களை நம்பாம ஒளிச்சு ஒளிச்சு மருந்து குடுத்து, அதோட கடைசி நாளெல்லாம் வலியிலயும் ரத்தத்துலயும் போக வெச்சோம். உள்ள என்ன இருக்குன்னு சொல்லாதவன்கிட்ட மருந்து வாங்காதீங்க. நீங்க குடுக்கறதை டாக்டர்கிட்டயும் வீட்லயும் மறைக்காதீங்க. எவ்வளவு பாசமா ஊத்தினாலும் சரி, மறைச்சு ஊத்தறது மருந்தில்ல, விஷம்."