நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அப்பாவின் கட்டைவிரலில் இருந்த மைக்கறையை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். போவதாக இல்லை. இன்னும் அரைமணியில் வண்டி வந்துவிடும்.

அதற்குள் வாசலில் ஜீப் நின்றது. ராணுவக் கமாண்டு ஆபீசிலிருந்து மலர்வளையத்தோடு ஒரு மேஜர் இறங்கினார். கக்கத்தில் கனத்த புத்தகம்.

எட்டு மாவட்டங்கள் அந்தக் கமாண்டின் பொறுப்பு. எல்லைக் காவல், வெள்ளத்தில் படகு, பாலம் உடைந்த ஆற்றுக்குத் தற்காலிகப் பாலம் என்று அதன் வேலைகளை அப்பா தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார். அங்கே அவர் ரிக்கார்டு கிளார்க். அன்றன்று நடந்ததைப் பதிவேட்டில் எழுதவேண்டும். ஒன்றும் நடக்காத நாளில் 'குறிப்பிட ஏதுமில்லை' என்று எழுதி மூடவேண்டும்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பீரங்கிப் பயிற்சியில் ஒரு குண்டு குறி தவறிச் சொந்த ஆட்கள் மேலேயே விழுந்தது. செத்தது ஒரே ஒருவன். அவளுடைய அண்ணன். வீட்டுக்கு வந்த கடிதத்தில் சாலை விபத்து என்று இருந்தது. அன்றைய பதிவேட்டில், மேலிடத்து உத்தரவுப்படி, 'குறிப்பிட ஏதுமில்லை' என்று எழுதியது அப்பாவின் கைதான். காரியமெல்லாம் முடிந்த பிறகு அதை அவரே வீட்டில் சொன்னார். அதன்பின் அம்மா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அது மாறியது. கமாண்டின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதித் தரும்படி, ஓய்வில் இருந்த அப்பாவைக் கேட்டார்கள். "அவன் எப்படிச் செத்தான்னு இதுல எழுதிடறேன். அச்சுல வந்துட்டா எவனாலயும் அழிக்க முடியாது" என்றார் அப்பா. அன்று அம்மா அவர் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தாள்.

மேஜர் வளையத்தை அப்பாவின் பெட்டியருகே வைத்துவிட்டுப் புத்தகத்தை மகளிடம் நீட்டினார். "நேத்துதான் அச்சாகி வந்தது. ஐயா குடுத்ததுல ஒரு எழுத்துகூட நாங்க மாத்தலைங்க. மாத்த அவசியமே வரலை."

அவள் அந்த வருஷத்தைத் தேடிப் பிடித்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். 'அவ்வாண்டுப் பயிற்சிகள் யாவும் செவ்வனே நிறைவேறின.'

செவ்வனே. லீவு லெட்டரில்கூட அப்பா விடாத வார்த்தை. வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. இரண்டு வருஷம் அம்மாவை எதிரில் உட்கார வைத்துக் காபி குடித்தாரே! பெட்டிக்குள் கண்ணை மூடிப் படுத்திருப்பவரிடம் என்ன சண்டை போடுவது?

"புத்தகம் வந்துடுச்சா?" அம்மா தலைமாட்டிலிருந்து கேட்டாள். புரை விழுந்த கண்கள் மேஜரின் குரல் வந்த பக்கம் திரும்பின. "இருக்கானா?"

"இருக்கான்மா."

"என்ன போட்டிருக்கு? படி."

அவள் பக்கத்தைப் பார்த்தபடியே நிதானமாகப் படித்தாள். "'பீரங்கிப் பயிற்சியின்போது நம் தரப்புக் குண்டு தவறி விழுந்ததில் படைவீரர் ஒருவர் உயிரிழந்தார். பிழை கமாண்டினுடையது.'" குரல் பிசிறவே இல்லை. அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த மகள்தான்.

மேஜரின் வாய் திறந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"உள்ளதை உள்ளபடி போட்டுட்டீங்க. நல்லா இருங்க தம்பி" என்று அம்மா அவரை நோக்கிக் கும்பிட்டாள். அவர் வெளியே போனார். ஜீப் கிளம்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எத்தனாம் பக்கம்?"

"நூத்திப் பன்னெண்டு."

அம்மா புத்தகத்தை வாங்கி, விரித்திருந்த பக்கத்தின் மூலையை மடித்து நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி அப்பாவின் மைக்கறை விரலைப் பிடித்துக்கொண்டாள்.