பவளத்துக்குப் பதினாறு நாள் தீட்டு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் வீட்டுக்காரர் ஜெயபாலனுக்கு லுமுட் போயாக வேண்டும். அங்கே கடல் தண்ணீரைப் பிளாஸ்டிக் தோங்குகளில் மொண்டு ஈப்போவுக்குக் கொண்டு வருவார். எங்கள் புந்தோங் வீட்டில் பிள்ளை இல்லை. கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் காளான் மாதிரி விரிந்த ஒரு பவளமும் இருந்தது.

கல்யாணமாகி ஏழு வருஷம். நான் பார்க்காத டாக்டர் இல்லை, கோயில் மரத்தில் கட்டாத தொட்டில் இல்லை. என்னிடம் குறை எதுவும் இல்லை, இனிக் கணவரைச் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் கொடுத்த கடிதம் எட்டு மாதமாக அலமாரியில் தூங்கியது. பாவம், அவருக்கு நேரமேது? தொட்டியில் உப்பு ஏறிவிட்டதா, தண்ணீர் சூடாகிவிட்டதா என்று பார்க்கவே பொழுது போதவில்லை. பவளம் சுருங்கினால் மனிதருக்குச் சோறு இறங்காது.

எண்பத்தாறில் அந்தப் பவளம் பாறைமேல் மெல்ல நகர்ந்தது. போகிற வழியில் தன் அடிக்காலிலிருந்து சில துணுக்குகளை விட்டுவிட்டுப் போனது. சில வாரங்களில் ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டிப் பவளமாக விரிந்தது. மொத்தம் ஐந்து. இவர் தெரு முழுக்கச் சீனி கொடுத்தார். எல்லாம் தம் கைராசியாம்.

சுங்காய் தோட்டத்தை விட்டு எங்களோடு வந்துவிட்ட மாமியார் இருளாயி மகனுக்கு ஒருபடி மேல். வீட்டில் பிறப்பு நடந்திருக்கிறது, தீட்டு என்று பதினாறு நாள் சாமி விளக்கை ஏற்றவிடவில்லை. பதினாறாம் நாள் வீட்டைக் கழுவச் செய்து, பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தொட்டிக்குப் பொட்டு வைத்தார். கழுவியதும் காப்பி கலக்கியதும் நான்தான்.

"பாத்தியா வீரம்மா, கல்லே பெத்துப் போட்டிருச்சு. இங்க ஒன்னு தின்னுட்டுச் சும்மா இருக்கு."

வழக்கமாக அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். அன்று கோபம் தலைக்கேறிவிட்டது. பவளம் விற்ற சீனரிடம் அது குட்டி போடும் விவரத்தை முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

"அதுக்குக் கால்ல ஒரு துண்டு விழுந்தா போதும் அத்த, ஆம்பள வேணாம். எனக்கு வேணும்லா. ஒங்க மவன ஒரு தடவ டாக்டர்கிட்ட போய்ச் சோதிச்சிட்டு வரச் சொல்லுங்க."

மாமியார் குங்குமச் சிமிழோடு மகன் பக்கம் திரும்பினார்.

"தீவாளிக்கு முன்னயே சோதிச்சாச்சு, கொற அவகிட்டதான்னு நீதானடா சொன்ன?"

எனக்கு அது புதுச் செய்தி. ஜெயபாலன் எங்கள் இருவரையும் பார்க்காமல், தொட்டியில் உப்பு அளக்கத் தொடங்கினார்.