அச்சில் வளர்ந்தது

...இல்லை, வெறும் மரத்தூளும் காளான் இழையும்தான், வளரும்போது சூடு கிளம்பும் என்று மகள் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, ஆனாலும் அச்சிலிருந்து எடுத்த அந்த வெள்ளை இருக்கையின் மேல் உள்ளங்கையை வைத்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி... அதுவும் இடது பக்கம். அங்கேதான் பள்ளம். அவள் புருஷன் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்துதான் உட்காருவார், உளி தீட்டும்போதும், சாப்பிடும்போதும், கடைசியில் மூச்சு வாங்கியபோதும். பழைய நாற்காலிகளைச் சீர்செய்த காலமெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்ததில்லை, காலை மாற்றலாம், பசையை மாற்றலாம், உட்கார்ந்தவர் தேய்த்த பள்ளத்தை இழைக்கக் கூடாது. அந்தப் பழக்கம்தான் காரியத்தைக் கெடுத்தது, அச்சு வார்க்க அவர் நாற்காலியை எடுத்தவள் பள்ளத்தை நிரவவே இல்லை. மறந்தாளா? பழைய வார்னிஷை உரிக்கும் திரவம் அவர் நுரையீரலைத் தின்ற பிறகு, இனி அதைத் தொடுவதில்லை என்று தாயும் மகளும் இறங்கிய தொழில் இது, காளானில் நாற்காலியா, பசித்தால் சமைத்துவிடலாம் என்று படுத்தபடியே சிரித்தாரே... முதல் ஆர்டர், நூலகத்துக்கு ஆறு இருக்கைகள், சொதப்பினால் மறுபடி அந்தத் திரவ டப்பாவைத்தான் திறக்க வேண்டும்.

"அம்மா, அடுப்பு சூடாயிடுச்சு. வெச்சிடலாமா?"

"கொஞ்சம் இரு."

"இருந்தா வளந்துக்கிட்டேதான் போகும். அப்புறம் குடை குடையா முளைச்சு, நாற்காலி கேட்டவங்களுக்குத் தோட்டந்தான் குடுக்கணும்."

சுட்டால்தான் அது சாகும், செத்தால்தான் நாற்காலி ஆகும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது... அன்றைக்கு மின்மயானத்தில் அவரை உள்ளே தள்ளி அந்த இரும்புக் கதவு மூடியதை அவள் பார்க்கவில்லை, வெளியே பெஞ்சில் உட்காரவைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், சத்தம் மட்டும் கேட்டது. இன்றைக்கு அவளேதான் தள்ளினாள், அவளேதான் சாத்தினாள். கண்ணாடிக்குள் வெள்ளை மெல்லப் பழுப்பாகியது. மகள் தோளைத் தட்டி, "அவ்வளவுதாம்மா, இதுக்குப் போயா இப்படி வேர்க்குது?" என்றாள். அவ்வளவுதான். மிச்சம் ஐந்தும் இருட்டறையில் தயாராக இருந்தன, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள், ஒவ்வொன்றும் இடது பக்கம் சூடாக இருந்தது. ஆறும் முடிந்தது, நூலகத்துக்குச் சொல்லிவிடலாம் என்று மகள் போனோடு வெளியே போனாள். இருட்டறையைக் கூட்டிவிட்டு வரலாம் என்றுதான் இவள் உள்ளே போனாள்... எவ்வளவு நேரம் அங்கே இருந்தாளோ, குனிந்து பார்த்தபோது ஈர மரத்தூள் முழங்கை வரை அப்பியிருந்தது, காலி அச்சு மறுபடி நிரம்பியிருந்தது, விரல்கள் இடது பக்கத்தை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தன. ஏழாவது யாருக்கு என்று மகள் கேட்பாளே, என்ன சொல்வது... எதையாவது சொல்லிக்கொள்ளலாம். இதை அடுப்பில் வைக்கப்போவதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.